மூஸுக்கும் எல்க்குக்கும் குண்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

கனடாவின் ஆல்பர்ட்டாவில் மூஸ் (மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது) வேட்டை அனுமதிக்கான குலுக்கல் முடிவு வந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். கால்கரி, எட்மன்டன் பக்கம் புதிதாக வேட்டை உரிமம் எடுத்த நம் பையன்கள்தான். "அண்ணா, டிரா விழுந்திருச்சு. என்கிட்ட 6.5 கிரீட்மோர்தான் இருக்கு. மூஸுக்குப் போதுமா, இல்ல .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கிடட்டுமா?" கேள்வி எப்போதும் துப்பாக்கியைப் பற்றித்தான் இருக்கும். நான் திருப்பிச் சொல்வது ஒன்றே: "தோட்டா டப்பாவை எடு. மேலே எழுதியிருப்பதை அப்படியே படி."

பாதிப் பேர் கையில் இருப்பது மானுக்கு வாங்கிய டப்பா. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இங்கே சுடும் வெள்ளைவால் மான் 100 கிலோ இருந்தால் நல்ல மான். எல்க் என்பதும் ஒரு பெரிய மான் இனம்தான், அதில் ஆண் 300 கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஆண் மூஸ் 450, 500 கிலோ சாதாரணமாக வரும். நம்மூர்க் கடமானில் நல்ல பெரிய ஆணைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தோல் தடிமன், எலும்பு கனம், நெஞ்சின் அகலம் எல்லாமே வேறு. மானைப் படுக்க வைக்கும் குண்டு மூஸின் தோள்பட்டையிலேயே சிதறி நின்றுவிடலாம்.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். நான் எழுதுவது கனடாவில், உரிமத்தோடு, குறித்த பருவத்தில், இறைச்சிக்காகப் போகும் வேட்டையைப் பற்றி.)

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கடையில் வாங்குவது தோட்டா. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீ மூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு, எல்லாம் சேர்ந்தது. இவற்றில் மிருகத்தின் உடம்புக்குள் போவது குண்டு மட்டும்தான். ஒரே .30-06 தோட்டாவில் பத்து விதமான குண்டு கிடைக்கும். ஒன்று மூஸின் இரு நுரையீரலையும் கிழித்து மறுபக்கம் வெளியேறும். இன்னொன்று நாலு அங்குலம் போய்ப் பொடியாகும். காலிபர் (குழலின் விட்டம்) என்ன என்று அடித்துக்கொள்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

குண்டு என்ன செய்ய வேண்டும்

தோலைக் கிழித்து, விலா எலும்பைத் தாண்டி, தன் விட்டத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு விரிந்து, இதயம் நுரையீரல் வழியாகப் போய், முடிந்தால் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். இரண்டாவது ஓட்டை விழுவதை நான் பெரிதாக மதிக்கிறேன். மூஸ் அடிபட்டதைக் காட்டிக்கொள்ளாத மிருகம். நெஞ்சில் சரியாக வாங்கிய பிறகும் அசையாமல் நிற்கும், அப்புறம் மெதுவாக வில்லோப் புதருக்குள் நடந்து போகும். உள்ளே போன ஓட்டை உயரத்தில் இருந்து, வெளியேறிய ஓட்டை இல்லாவிட்டால், ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே தேங்கும். தரையில் ஒரு சொட்டு விழாது. இருட்டுகிற நேரத்தில் முழங்கால் அளவு சதுப்பில் அதைத் தேடுவது என்னவென்று தேடியவர்களுக்குத் தெரியும்.

குண்டு இரண்டு விதமாகச் சொதப்பும். வேகமாகப் போய் எலும்பில் பட்டு, வெளியே உள்ள செம்புறை தனியாக, உள்ளே உள்ள ஈயம் தனியாகப் பிரிந்து சிதறுவது ஒன்று. காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆழம் இருக்காது. விரியாமலே ஊசி போல் துளைத்துக்கொண்டு போவது இன்னொன்று. ஓட்டை சிறியது, மிருகம் வெகுதூரம் ஓடிப்போய்ச் சாகும். இரண்டாவது காரணத்துக்காகத்தான் முழு உலோக உறை போட்ட ராணுவக் குண்டு இங்கே பெரிய மிருக வேட்டையில் சட்டப்படியே கூடாது. ஆல்பர்ட்டாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் அதைத் தெளிவாகத் தடுக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள். இலக்குப் பலகையில் பழக அது போதும்.

நான்கு வகைக் குண்டு

முதலாவது, பழைய பாணி: ஈயக் கரு, மேலே செம்பு உறை, மூக்கில் ஈயம் வெளியே தெரியும். ரெமிங்டனின் கோர்-லாக்ட் 1939 முதல் இந்த வகையில்தான் பேர் வாங்கியது. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், வட அமெரிக்காவில் இந்த வகையால் விழுந்த மூஸுக்குக் கணக்கே இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. கனமான எடையில் வாங்க வேண்டும், வேகம் மிதமாக இருக்க வேண்டும். .30-06, .308 போன்றவற்றில் 180 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அதே வகையை 150 கிரெயினில், வேகம் கூடிய .300 மேக்னத்தில் போட்டு 40 கெஜத்தில் தோளில் சுட்டால் சிதற வாய்ப்பு அதிகம். இதே குடும்பத்தில் பிளாஸ்டிக் மூக்கு வைத்த, மெல்லிய உறையுள்ள குண்டுகளும் வரும். மானுக்கு அருமை. மூஸுக்கு நான் தொட மாட்டேன்.

இரண்டாவது வகை ஒரு மூஸால் பிறந்தது. 1946-ல் ஜான் நோஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 எச் அண்ட் எச் மேக்னத்தோடு வேட்டைக்குப் போனார். சேறு அப்பிக் காய்ந்த பெரிய ஆண் மூஸ் ஒன்றின் மேல் சுட்ட குண்டுகள் ஆழமாகப் போகாமல் சிதறின. வீட்டுக்கு வந்து அவர் செய்தது எளிய வேலை: உறையின் நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்து, முன்னால் ஒரு ஈயக் கரு, பின்னால் ஒரு ஈயக் கரு. முன்பாதி விரியட்டும், சிதறினாலும் சிதறட்டும். பின்பாதி சுவருக்குப் பின்னால் முழுதாக இருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948-ல் நிறுவனம் தொடங்கினார். அந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் விற்கிறது, நானும் இன்றும் வாங்குகிறேன்.

என் வேலை மேசையில் அப்படி ஒன்று கிடக்கிறது. .30-06, 180 கிரெயின். ஒரு மூஸின் முன்தோள் வழியாக நுழைந்து, மறுபக்கத் தோலுக்கு உள்ளே வந்து நின்றது. தோல் உரிக்கும்போது விரலில் கட்டியாகத் தட்டுப்பட்டது. கத்தி நுனியால் கீறினால் வெளியே விழுந்தது ஒரு காளான்: முன்பக்கம் செம்பு பின்னால் மடிந்து சுருண்டு, ஈயம் துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது; மடிப்புக்குள் எலும்புத் துணுக்கு சிக்கியிருந்தது. பின்பாதி தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே, பள்ளம் கூட இல்லாமல் உருளையாக இருந்தது. தராசில் வைத்தால் 118 கிரெயின். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, போனது அத்தனையும் முன்பாதி. பார்ட்டிஷன் இப்படித்தான் இழக்க வேண்டும்.

மூன்றாவது, ஒட்டுக் குண்டு. ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். ஃபெடரல் ஃப்யூஷன், நோஸ்லர் அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் எல்லாம் இந்த வரிசை. ஏ-ஃப்ரேமில் நடுச்சுவரும் உண்டு, ஒட்டும் உண்டு. அடிபட்ட பிறகு மிஞ்சும் எடை தயாரிப்பைப் பொறுத்து 60 சதவீதம் முதல் 90-க்கு மேலும் இருக்கும். முதல் மூஸுக்குப் போகிறவர் என்னைக் கேட்டால் இந்த வகையைத்தான் சொல்வேன். கிட்டத்திலும் தாங்கும், தூரத்திலும் விரியும், ஃப்யூஷன் போன்றவற்றின் விலையும் கடிக்காது.

நான்காவது, முழுச் செம்பு. ஈயமே கிடையாது. 1989-ல் பார்ன்ஸ் எக்ஸ் குண்டு வந்தது. இன்று அதன் வாரிசுகளான டி.எஸ்.எக்ஸ்., டி.டி.எஸ்.எக்ஸ். எல்லாக் கடையிலும் உண்டு, ஹார்னடியும் நோஸ்லரும்கூடப் போடுகிறார்கள். மூக்கில் குழி இருக்கும். உடம்புக்குள் போனதும் நாலு இதழாகப் பிரிந்து பின்னால் மடியும். எடை கிட்டத்தட்ட முழுதாக மிஞ்சுவதால் ஆழம் அபாரம். அதனால் எடையில் ஒரு படி இறங்கலாம்: ஈயத்தில் 180 போடும் இடத்தில் செம்பில் 165, ஏன் 150 கூடப் போதும். செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகும். குண்டைச் சுழலவைக்க உங்கள் குழலுக்குள் வெட்டியிருக்கும் புரியின் சுழற்சி மெதுவானது என்றால் மிக நீளமான செம்புக் குண்டு நேராகப் பறக்காமல் தடுமாறும். வழக்கமான .30-06-ல் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று இருப்பதால் இந்தக் கவலை வராது.

செம்புக்கு ஒரு பலவீனம், அது வேகம். பொதுவாக வினாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வரையாவது வேகம் மிச்சம் இருந்தால்தான் அந்த இதழ்கள் ஒழுங்காக விரியும். .30-06-ல் நீங்கள் சுடும் தூரத்துக்கு இது தாராளம். குட்டைக் குழல் வைத்த .308-ல் 300 கெஜத்துக்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். குழல் ஒரு அங்குலம் குறைந்தால் வேகம் 20, 30 அடி குறையும். டப்பாவில் போட்டிருப்பது பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது.

எடையும் தடிமனும்

இப்போது அந்த 6.5 கிரீட்மோர் கேள்விக்கு வருகிறேன். குண்டின் எடையை பவுண்டுக்கு மாற்றி (7,000 கிரெயின் ஒரு பவுண்டு), அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். ஒரே கட்டுமானமுள்ள இரண்டு குண்டில் எது ஆழமாகப் போகும் என்று அது சொல்லிவிடும். .308 விட்டத்தில் 150 கிரெயினுக்கு 0.226. 180 கிரெயினுக்கு 0.271. .264 விட்டமுள்ள 6.5-ல் 140 கிரெயினுக்கு 0.287! ஒல்லிக் குண்டு தடித்த குண்டை விட ஆழம் போகிற ரகசியம் இதுதான். ஸ்வீடன்காரர்கள் 6.5×55-ஐ வைத்து, 156 கிரெயின் நீளக் குண்டோடு, தலைமுறை தலைமுறையாக மூஸ் சுடுகிறார்கள். அவர்கள் சட்டம் காலிபரைப் பார்ப்பதில்லை, குண்டின் எடையையும் 100 மீட்டரில் மிஞ்சும் ஆற்றலையும் பார்க்கிறது: 9 கிராம் குண்டு என்றால் 2,700 ஜூல், 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2,000 ஜூல் போதும். கனமான குண்டுக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆகவே தம்பிக்குப் பதில்: கிரீட்மோர் போதும், ஒட்டுக் குண்டில் 140 பக்கமோ செம்பில் 120 முதல் 130 வரையோ போட்டு, 200 கெஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும் மூஸைச் சுடுவதாக இருந்தால். டப்பாவில் மேட்ச் என்று போட்டிருக்கும் போட்டிக் குண்டு அந்தத் துப்பாக்கியில் காகிதத்தைத் துல்லியமாக ஓட்டை போடும். அதை மூஸின் மேல் சோதிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு என் கணக்கு இப்படி. ஈயக் கரு உள்ள குண்டில் .270-க்கு 140 முதல் 150, 7 மில்லிமீட்டர் காலிபர்களுக்கு 160 பக்கம், .30 காலிபர்களில் .308-க்கு 165 அல்லது 180, மேக்னத்துக்கு 180 முதல் 200. எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து வந்த அந்த எண் ஏறக்குறைய 0.25-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். செம்பில் இந்தக் கணக்கைத் தளர்த்தலாம். காற்றைக் கிழிக்கும் திறன் என்று டப்பாவில் இன்னொரு எண் போட்டு விளம்பரம் செய்வார்கள். 300 கெஜத்துக்குள் சுடுபவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, கடந்து போங்கள்.

எந்த ஷாட்டுக்காக வாங்குகிறீர்கள்?

கடைக்குப் போகும் பையன்கள் மனதில் ஓடுவது 400 கெஜத்தில், மலைச் சரிவில், பக்கவாட்டில் நிற்கும் எல்க். நிஜத்தில் நடப்பது வேறு. செப்டம்பர் கடைசியில் பெண் மூஸ் குரலில் கூப்பிட்டால் ஆண் மூஸ் புதரை உடைத்துக்கொண்டு 50, 60 கெஜத்துக்கு வந்து, பாதி முகம் காட்டி, தோளை உங்கள் பக்கம் சாய்த்து நிற்கும். குண்டு அங்கே முழு வேகத்தோடு போய்க் கனமான எலும்பில் படும். அந்தக் கிட்டத்து, எலும்பு வழி ஷாட்டைத் தாங்குகிற குண்டை வாங்குங்கள். நல்ல ஒட்டுக் குண்டோ பார்ட்டிஷனோ 300 கெஜத்தில் அதுவாகவே விரிந்துகொள்ளும். தூரத்துக்காகச் செய்த மென்மையான குண்டு கிட்டத்தில் கைவிட்டுவிடும். மேக்னம் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் 180 கிரெயினை .30-06 வினாடிக்கு 2,700 அடியில் தள்ளினால் .300 வின்செஸ்டர் 2,950-க்கு மேல் தள்ளும். வேகம் கூடக் கூடக் குண்டு உறுதியாக இருக்க வேண்டும், விலையும் ஏறும்.

அதற்காக நல்ல குண்டு இருக்கிறதே என்று எந்தக் கோணத்திலும் சுடலாம் என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் நின்றால் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். அந்தப் பக்கம் சாய்ந்து நின்றால் மறுபக்க முன்கால் எங்கே இருக்கிறதென்று கணக்குப் போட்டு அதை நோக்கிச் சுடுங்கள். நேராக முகம் காட்டி நின்றால் நான் காத்திருப்பேன். பின்பக்கம் காட்டினால் எந்த டப்பாவும் காப்பாற்றாது, போக விடுங்கள்.

இறைச்சி

வீட்டில் சமைக்கிறவருக்கும் இதில் ஒரு குரல் வேண்டும். மூஸ் ஒன்று விழுந்தால் ஒரு வருஷத்துக்கு ஃப்ரீசர் நிறையும். நம் வீட்டில் மிளகு போட்டு வறுப்பதற்கும் குழம்புக்கும் விலாப் பக்கம்தான் முதலில் தீரும். மென்மையான, வேகமான குண்டு தோளில் பட்டால் அந்தத் தோள் முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்துவிடும், கிலோ கணக்கில் வெட்டி எறிய வேண்டிவரும். சாப்பிடக்கூடிய இறைச்சியை வீணாக்குவது ஆல்பர்ட்டாவில் குற்றமும்கூட.

ஈயத் துகள் அதைவிட முக்கியம். சிதறும் குண்டில் இருந்து கண்ணுக்குத் தெரியாத ஈயப் பொடி காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவும், கழுவினால் போகாது. 2008-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அரசு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தது. வேட்டை இறைச்சி சாப்பிடுபவர்களின் ரத்தத்தில் ஈயம் சாப்பிடாதவர்களை விடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே நிறுத்திவிட்டது. அங்கே கவலை காண்டோர் கழுகுகளைப் பற்றி, காட்டில் விட்டுவரும் குடலைத் தின்று அவை ஈய விஷத்தால் செத்தன. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், செம்பு வாங்குங்கள். ஈயக் குண்டுதான் என்றால் காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்குக் குறையாமல் வெட்டி எறியுங்கள், அந்தப் பகுதியைக் கொத்துக்கறிக்குப் போடாதீர்கள்.

வாங்கிய பிறகு

பிடித்த வகையில் இரண்டு மூன்று தயாரிப்பை ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். ஒரே எடை, ஒரே வேகம் என்று எழுதியிருந்தாலும் உங்கள் குழலுக்கு ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. சுடும் இடமும் மாறும். குண்டை மாற்றினால் தொலைநோக்கியை மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். ஈயத்தில் இருந்து செம்புக்கு மாறுகிறீர்கள் என்றால் முதலில் குழலை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் குறி சிதறும்போது செம்பைக் குறை சொல்வீர்கள். 100 கெஜத்தில் மூன்று குண்டு, குழல் ஆறவிட்டு மறுபடி மூன்று. ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தால் மூஸுக்குத் தாராளம், அதற்கு மேல் துல்லியம் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம். ஆறிய குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள், காட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒன்றுதான்.

180 கிரெயின் .30-06-ஐ 200 கெஜத்துக்குச் சரிசெய்தால் 100-ல் இரண்டு அங்குலம் மேலேயும் 300-ல் எட்டு, ஒன்பது அங்குலம் கீழேயும் விழும். துப்பாக்கி இடிப்பது தாங்காமல் விசை இழுக்கும்போது கண் மூடுகிறது என்றால் எடையைக் குறைத்து, செம்புக்கு மாறுங்கள்.

பிடித்தது எதுவென்று முடிவானதும் அதே லாட் எண் (ஒரே தொகுதியில் தயாரானதைக் காட்டும் எண்) உள்ள டப்பாக்களாகப் பார்த்து நாலைந்து வாங்கி வையுங்கள். எண் பெரும்பாலும் உள்மடிப்பிலோ அடிப்பக்கத்திலோ அச்சிட்டிருக்கும். லாட் மாறினால் மருந்து கொஞ்சம் மாறும், குண்டு விழும் இடமும் மாறலாம். நவம்பரில் மைனஸ் 20-ல் சுடப் போகிறவர்கள் அந்தக் குளிரிலேயே ஒருமுறை பலகையில் சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்து மந்தமாக எரியும். டப்பாவை வண்டியின் ஹீட்டர் பக்கத்தில் வைக்காமல் வெளியே வைத்தே எடுத்துப் போங்கள்.